கோபத்துக்கா, துக்கத்துக்கா?

கேள்வி: எனக்கு வயது 39. ஒருகொடவத்தையில் இருக்கிறேன், வேலையும் அங்கேயேதான். கிளியரிங் கம்பனி ஒன்றில் வாஃப் கிளார்க். சுங்கப் பரிசோதனைக்காக யார்டில் நிற்கும் கண்டெய்னர்களை வெளியே எடுத்துக் கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நாள் பிந்தினாலும் டெமரேஜ் (தாமதக் கட்டணம்) ஏறும், முதலாளி போனில் ஏசுவார், லொறிக்காரன் நேரில் ஏசுவான். முழு நாளும் டென்ஷன்.

இருபது வயதில் பழகிய சிகரட்டைக் கல்யாணத்துக்குப் பிறகு விட்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அம்மா தவறினா. அந்த நேரம் நான் யார்டில் பெட்டி ஒன்று மாட்டிக்கொண்டதால் அங்கே நின்றேன். சாவு வீட்டில் இரவு முழிப்புக்கு வந்தவர்களுக்கு வெற்றிலையோடு சிகரட்டும் தட்டில் வைத்திருந்தார்கள். அதில் ஒன்று எடுத்தேன். இப்போது நாளுக்குப் பத்து, பன்னிரண்டு. போன வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டேன். மண்டலம் முழுக்கத் தொடவில்லை, பெரிய கஷ்டமும் இருக்கவில்லை. மலைக்குப் போய் வந்து மாலையைக் கழற்றிய மறுநாள் பின்னேரமே திரும்ப ஆரம்பம். அதன் பிறகு சும்மா விட்டுப் பார்த்தேன். மூன்றாம் நாள் பள்ளிக்கூடப் பை விஷயத்தில் மகளுக்குக் கத்தி, பிள்ளை அழுது, கடைசியில் மனைவியே காசைத் தந்து "போய் ஒன்று பத்திட்டு வாங்க" என்றா.

நான் இயல்பிலேயே உணர்ச்சி கூடிய ஆள் என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படியானவர்களால் விடவே ஏலாது, சடுதியாக விட்டால் நெஞ்சில் அடிக்கும் என்கிறான் கூட வேலை செய்பவன். கோபம் வந்தாலும் வேண்டும், சந்தோஷம் வந்தாலும் வேண்டும். இரவு எல்லோரும் படுத்த பிறகு பின் ஒழுங்கையில் நின்று பத்துவதை மட்டும் விடவே முடியாது போலிருக்கிறது. மாலை போட்டால் முடிகிறது, சும்மா முடியவில்லை. ஏன்?
— பெயர் வேண்டாம், ஒருகொடவத்தை

பதில்: தம்பி, முதலில் அந்தப் பயத்தைத் தீர்த்துவிடுவோம். சடுதியாக விட்டால் நெஞ்சில் அடிக்கும் என்பது பொய். கடைசி சிகரட் முடிந்து ஒன்றிரண்டு நாளில் இரத்தத்தில் கலந்திருந்த காபன் மொனொக்சைட்டு இறங்கிவிடும். ஒரு வருடத்தில், சிகரட்டால் கூடியிருந்த மாரடைப்பு ஆபத்து ஏறத்தாழப் பாதியாகிவிடும். உங்கள் நண்பர் சிகரட்டை விட்ட கையோடு ஆஸ்பத்திரியில் படுத்த யாரையாவது கண்டிருப்பார். அப்படிப்பட்டவர்களில் பலர், நெஞ்சு ஏற்கெனவே சொல்லத் தொடங்கிய பிறகுதான் விட்டிருப்பார்கள். பழி கடைசியில் செய்த காரியத்தின் மேல் விழுந்துவிடுகிறது.

அடுத்தது, "உணர்ச்சி கூடிய ஆள்". 1966 இல் சில்வன் டொம்கின்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் புகைப்பவர்களை நாலு வகையாகப் பிரித்தார்: இன்பத்துக்காகப் பத்துபவர், துன்பத்தைத் தணிக்கப் பத்துபவர், இல்லாமல் இருக்க முடியாமல் பத்துபவர், கை பழகியதால் பத்துபவர். நான் பார்த்தவரையில் இந்த நாலு பேரும் ஒரே ஆளுக்குள், ஒரே நாளில் வந்துபோவார்கள். காலையில் எழும்பியதும் பத்துவது நிக்கோட்டினுக்கு. பத்து மணிக்கு பிளேன்டியோடு பத்துவது கைப்பழக்கம். பெட்டி வெளியே போனதும் பத்துவது சந்தோஷத்துக்கு. பின் ஒழுங்கையில் பத்துவது என்னத்துக்கு என்பதைப் பிறகு சொல்கிறேன். விடும்போது இந்த நாலையும் ஒன்றாகக் கட்டிப் போட்டு "எல்லாம் டென்ஷன்" என்று சொல்லிவிடுகிறோம். ஒன்றுக்குரிய மருந்து மற்றதுக்குச் சரிவராது.

யார்ட் டென்ஷனை முதலில் எடுப்போம். அது இல்லை என்று சொல்ல மாட்டேன். அவிசாவளை வீதி பேஸ்லைன் வீதியில் வந்து முட்டும் இடத்தில் கண்டெய்னர் லொறிகள் நிற்கும் நிலையைப் பார்த்தவனுக்கு அதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆனால் அதில் ஒரு பங்கு சிகரட்டே உண்டாக்கியது. இழுத்த நிக்கோட்டின் பத்து, இருபது செக்கனில் மூளைக்குப் போய்விடும். ஆனால் இரண்டு மணித்தியாலத்தில் இரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். குறையக் குறைய எரிச்சல், பதற்றம், ஒன்றில் மனம் நிற்காமை வரும். எட்டரைக்குப் பத்தியவருக்குப் பத்தரைக்கு வரும் எரிச்சலில் எவ்வளவு சுங்க உத்தியோகத்தரால் வந்தது, எவ்வளவு எட்டரை சிகரட் இறங்கியதால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பத்தியதும் இரண்டாவது பங்கு மட்டும் மறைகிறது. ஆனால் எல்லாம் மறைந்தது போலத் தெரிகிறது. பிரித்தானிய உளவியலாளர் அன்டி பெரட் 1999 இல் இதைத்தான் எழுதினார்: புகைப்பவர் சிகரட்டால் அடையும் "நிம்மதி", புகைக்காதவர் சும்மா இருக்கும்போது இருக்கும் நிலைதான். உங்கள் தொழிலின் கணக்கில் சொன்னால், உங்களுடைய அமைதியையே நிக்கோட்டின் யார்டில் மறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் டெமரேஜ் கட்டினால்தான் விடுகிறது. ஒரு சிகரட் நூறு ரூபாவைத் தாண்டிய காலத்தில் அந்த டெமரேஜும் சின்னக் காசு இல்லை.

மூன்றாம் நாள் மகளுக்குக் கத்தினீர்களே, அது உங்கள் குணம் இல்லை. விட்ட முதல் நாலைந்து நாள்தான் இந்த எரிச்சல் உச்சத்தில் நிற்கும். இரண்டு மூன்று கிழமையில் இறங்கிப் போகும். நீங்கள் மிகவும் மோசமான நாளில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். உங்கள் மனைவி காசு தந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை, இரக்கத்தால் தந்திருக்கிறா. ஆனால் அன்று அந்த வீட்டில் எல்லோரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டார்கள்: அப்பா சிகரட் பத்தினால்தான் நல்லவர். அடுத்த முறை தொடங்கும் முன்பே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "இரண்டு கிழமைக்கு நான் இப்படித்தான் இருப்பேன், காசு மட்டும் தராதீர்கள்." மகளிடமும் அவளுக்கு விளங்கும் விதத்தில் சொல்லுங்கள். பிள்ளைகள் காரணம் தெரியாத கோபத்துக்குத்தான் பயப்படுவார்கள்.

இனி மாலை விஷயம். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அதில் உங்கள் கேள்விக்கான பதிலின் பாதி இருக்கிறது.

ஐயப்பன் மாலைக்கு மட்டுமல்ல, ரமழான் நோன்புக்கும் சிகரட்டைத் தள்ளி வைக்க முடிகிறது. கிராண்ட்பாஸிலும் தெமட்டகொடையிலும் நாளுக்கு ஒரு பெட்டி சிகரட் முடிக்கும் எத்தனையோ பேர் சஹரில் இருந்து இஃப்தார் வரை கையால் தொடுவதில்லை. நோன்பு திறக்கப் போகும் கடைசி அரை மணித்தியாலத்தில்தான் அவர்களுக்குப் பொறுமை போகும். உடம்பின் கணக்குப்படி பார்த்தால் ஆசை மத்தியானமே உச்சத்துக்கு வந்திருக்க வேண்டும். ரூவன் டார் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் 2010 இல் விமானப் பணியாளர்களை வைத்து இதை அளந்து பார்த்தார்கள். புகைக்கும் பணியாளர்கள் மூன்று முதல் ஐந்தரை மணித்தியாலம் வரையான குறுகிய பயணத்திலும், எட்டு முதல் பதின்மூன்று மணித்தியாலம் வரையான நீண்ட பயணத்திலும் தங்கள் ஆசையை எழுதி வைத்தார்கள். இரண்டிலும் ஆசை உச்சத்துக்கு வந்தது விமானம் இறங்கும் நேரத்தில். குறுகிய பயணத்தின் முடிவில் இருந்த ஆசை, நீண்ட பயணத்தில் அதே மணித்தியாலத்தில் இருந்ததைவிடக் கூடுதல். கடைசி சிகரட் எப்போது என்பதைவிட, அடுத்த சிகரட் எப்போது கிடைக்கும் என்பதே ஆசையைத் தீர்மானித்தது.

மாலை போட்ட நாளில் உங்கள் மனதில் அந்தக் கேள்வியே இருக்கவில்லை. "இன்றைக்குப் பத்தலாமா?" என்று நீங்கள் உங்களோடு வாதாடவில்லை. கறுப்பு வேட்டியோடு பெட்டிக்கடையில் போய் நிற்க முடியாது, கடைக்காரரே "சாமி" என்று கூப்பிடுவார். காலையில் குளிப்பு, பின்னேரம் பஜனை, கூட நாலு சாமிமார். கோபம் வந்தால் "சரணம்" சொல்லி விழுங்கும் பழக்கமும் கூடவே வந்தது. மனம் பாரமாக இருந்தபோது பாடுவதற்கு இடம் இருந்தது, ஏன், அழுவதற்கும் இருந்தது. மண்டலம் முடியும்போது நிக்கோட்டின் உங்கள் உடம்பை விட்டு எப்போதோ போய்விட்டது. ஆகவே மாலையைக் கழற்றிய மறுநாள் நீங்கள் பத்திய சிகரட்டை உடம்பு கேட்டிருக்க நியாயமில்லை. வேறெதுவோ கேட்டிருக்கிறது.

அது என்ன என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். டென்ஷனைப் பற்றி அவ்வளவும் எழுதிவிட்டு, நடுவில் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள்: அம்மா தவறிய நேரம் நான் யார்டில் நின்றேன் என்று. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவவுக்கு என்ன வருத்தம், எத்தனை நாள் படுக்கையில் இருந்தா, கடைசியாக என்ன கதைத்தா, ஒன்றும் இல்லை. விட்ட சிகரட் திரும்ப வந்தது அந்த இரவில். விடவே முடியாது என்று நீங்கள் சொல்லும் சிகரட், யாரும் ஏசாத, யாரும் கூப்பிடாத நேரத்தில் தனியாக நின்று பத்துவது. டென்ஷன் முடிந்த பிறகு வரும் சிகரட் அது. அதைத் துக்கம் என்றுதான் நான் படிக்கிறேன்.

மனம் சரியில்லாதபோது சிகரட் கேட்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் எல்லாக் கெட்ட உணர்ச்சியும் ஒரே அளவில் கேட்பதில்லை. ஹார்வர்டில் சார்ள்ஸ் டொரிசனும் ஜெனிஃபர் லேர்னரும் மற்றவர்களும் சேர்ந்து 2020 இல் நாலு ஆய்வுகளை ஒன்றாக வெளியிட்டார்கள். ஒன்றில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் இருபது வருடத் தகவலைப் பார்த்தார்கள். துக்கம் கூடியவர்கள் புகைப்பதும், விட்டவர்கள் திரும்பத் தொடங்குவதும் கூடுதலாக இருந்தன. இன்னொன்றில் 425 புகைப்பவர்களுக்குப் படத்துண்டுகளைக் காட்டினார்கள். சிலருக்கு இழப்பைப் பற்றிய சோகக் காட்சி, சிலருக்கு அருவருப்பான காட்சி, சிலருக்கு ஒன்றுமில்லாத சாதாரணக் காட்சி. சோகம் பார்த்தவர்களுக்குத்தான் ஆசை கூடியது. அருவருப்பும் கெட்ட உணர்ச்சிதான், அது கூட்டவில்லை. கடைசி ஆய்வில் சில மணித்தியாலம் புகைக்காமல் வந்தவர்களை ஆய்வுகூடத்தில் வைத்துப் பத்தச் சொல்லி, இழுத்த புகையை அளந்தார்கள். அதற்கு முன் சோகக் காட்சி பார்த்தவர் ஒவ்வொரு இழுவையிலும் கூடுதலாக இழுத்தார். பறிபோன ஒன்றுக்குப் பதிலாக எதையாவது உள்ளே எடுக்கத் தேடும் உணர்ச்சி துக்கம் என்பது அவர்களுடைய விளக்கம். எனக்கு அது சரியாகவே படுகிறது.

ஆனாலும் ஒரு திருத்தம். துக்கம்தான் சிகரட்டைக் கொண்டுவருகிறது என்றால் உங்களுக்கு அக்கா தங்கைமார் இருந்தால் அவர்களும் பத்தியிருக்க வேண்டும். அவர்களுக்கும் அதே அம்மாதான். இந்த நாட்டில் புகைக்கும் பெண்களை நூற்றுக்கு ஒருவர் என்றுகூடச் சொல்ல முடியாது, ஆண்களிலோ எத்தனையோ பேர். பெண்களுக்குத் துக்கம் குறைவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள் சவப்பெட்டியைச் சுற்றி இருந்து கட்டிப்பிடித்து அழுகிறார்கள். ஆண்களை நாம் முற்றத்துக்கு அனுப்புகிறோம்: கதிரை அடுக்கு, கொட்டகையைப் பார், வாகனத்துக்குச் சொல், வந்தவர்களோடு கார்ட்ஸ் விளையாடு, இந்தா ஒரு சிகரட். அழுவதற்கு உரிமை இல்லாதவனுக்கு, தனியாகப் போய் அஞ்சு நிமிஷம் நிற்பதற்கான அனுமதிச் சீட்டாகச் சிகரட் கிடைக்கிறது. நீங்கள் அன்றைக்கு எடுத்தது அந்தச் சீட்டைத்தான்.

இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை: சாவு வீட்டுத் தட்டில் வெற்றிலை போதும், டொபி போதும். வந்தவர்களுக்கு மரியாதை செய்யவென்று வைக்கும் சிகரட்டை எடுப்பவர்களில் ஒருவராவது விட்டுப் பல வருடம் ஆனவராக இருப்பார்.

துக்கத்துக்குச் சிகரட் உதவுகிறதா என்றும் கேட்க வேண்டும்தானே. 2014 இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஜெம்மா டெய்லரும் குழுவும் 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். புகைப்பதைத் தொடர்ந்தவர்களோடு ஒப்பிட்டால், விட்டவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தன. மனநோய் உள்ளவர்களிடமும் அப்படியே. குறைந்த அளவு, மனச்சோர்வு மாத்திரைகள் தரும் பலனுக்குக் கிட்டத்தட்டச் சமம். உணர்ச்சி கூடியவர் விடக்கூடாது என்பது போல உங்கள் நண்பர் சொல்வது தலைகீழ். உணர்ச்சி கூடியவருக்கும் விடுவதால் லாபம்தான்.

இனி என்ன செய்வது? காலையில் எழும்பி எவ்வளவு நேரத்தில் முதல் சிகரட் என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அரை மணித்தியாலத்துக்குள் என்றால் உடம்பு நிக்கோட்டினை நன்றாகவே பிடித்திருக்கிறது. அதற்கு நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2009 இலிருந்து உள்ள பொருள். எல்லா பார்மசியிலும் இருக்காது, பெரிய பார்மசிகளில் கேளுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் பத்துபவருக்கு 4 மில்லிகிராம், பிந்திப் பத்துபவருக்கு 2 மில்லிகிராம். சாதாரண சூயிங்கம் மாதிரி விடாமல் சப்பக் கூடாது. உறைப்பு வந்ததும் கன்னத்துக்கும் முரசுக்கும் நடுவில் ஒதுக்கி வைத்து, உறைப்புப் போனதும் திரும்பச் சப்ப வேண்டும். சப்பும்போதும், அதற்குமுன் கால் மணித்தியாலமும், வாயில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் போடக் கூடாது. நெஞ்சு வருத்தம் ஏற்கெனவே இருந்தால் டொக்டரைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

பிளேன்டியைப் பாதியாக்குங்கள். சிகரட் புகை ஈரலை வேகப்படுத்துவதால், புகைப்பவரின் உடம்பு தேயிலையில் உள்ள கஃபீனை ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வெளியேற்றும். சிகரட்டை விட்டுவிட்டு அதே அளவு பிளேன்டியைக் குடித்தால் கஃபீன் தங்கிவிடும். கை நடுங்கும், நித்திரை வராது. அதையும் சிகரட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பத்திவிடுவார்கள். (மனநலக் கிளினிக்கில் குளோசபீன், ஒலன்சபீன் எடுப்பவர்கள் இதைப் படித்தால்: சிகரட்டை விடப் போகும் முன் உங்கள் டொக்டரிடம் சொல்லுங்கள். இதே காரணத்தால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடும், டோசைக் குறைக்க வேண்டி வரலாம்.)

பகலில் கோபத்துக்குப் பத்துவதும், சந்தோஷத்துக்குப் பத்துவதும் எனக்குப் பெரிய கவலை இல்லை. நிக்கோட்டின் இறங்குவதைச் சூயிங்கம் பார்த்துக்கொண்டால் அவற்றில் பாதி தானாக விழும். யார்டில் சிகரட்டுக்காக வெளியே வரும் அந்த அஞ்சு நிமிஷத்தை விட்டுவிட வேண்டாம். வெளியே வாருங்கள், நில்லுங்கள், மெதுவாக மூச்சை இழுத்து அதைவிட மெதுவாக விடுங்கள். சிகரட் தந்த நிதானத்தில் ஒரு பங்கு அந்த மூச்சால் வந்தது.

இரவுச் சிகரட்டுக்கு வருகிறேன். நீங்கள் பெட்டியாக வாங்குகிறீர்களா, தனியாக வாங்குகிறீர்களா தெரியவில்லை. பெரும்பாலும் தனியாக வாங்கி, கடையில் தொங்கும் கயிற்று நெருப்பிலேயே பற்றவைப்பவராக இருப்பீர்கள். எப்படி வாங்கினாலும், இரவு பதினொரு மணிக்கு ஒழுங்கையில் பத்தும் சிகரட்டை வீட்டுக்கு வரும் வழியில் ஏழு மணிக்கே வாங்கி வைத்திருப்பீர்கள். அப்படியானால் அன்றிரவு பாரமாக இருக்கப்போவது ஏழு மணிக்கே உங்களுக்குத் தெரியும். முடிவெடுக்க வேண்டிய நேரம் அந்த ஏழு மணி. அந்த நேரத்தில் கடைப் பக்கம் போகாத வழியால் வீட்டுக்கு வாருங்கள்.

இரவு பின் ஒழுங்கைக்குப் போவதை நிறுத்த வேண்டாம், வெறும் கையோடு போங்கள். முதல் சில இரவுகள் அழுகை வரலாம், வரட்டும். பிறகு, மனைவியிடமோ கூடப்பிறந்தவர்களிடமோ அம்மாவின் கடைசி நாளைப் பற்றிக் கதையுங்கள். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருக்கவில்லை என்பதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கிறீர்களா? அவர்கள் அதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று நீங்களாக மனதுக்குள் எழுதி வைத்திருக்கும் பதிலும், அவர்கள் உண்மையில் சொல்வதும் ஒன்றாக இருக்காது.

வீட்டில் கதைக்க ஏலாது என்றால் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். 1974 முதல் இயங்கும் சுமித்ரயோ என்ற அமைப்பு கொழும்பு 7, ஹோட்டன் பிளேசில் இருக்கிறது. காசு வாங்குவதில்லை, பெயரும் கேட்பதில்லை. போதைப் பழக்கங்களுக்கென்றே அவர்களுடைய மெல் மெதுர என்ற நிலையமும் இருக்கிறது. இரண்டு கிழமைக்கு மேலாக நித்திரை இல்லை, ஒன்றிலும் விருப்பம் இல்லை, வாழ்ந்து என்ன என்று தோன்றுகிறது என்றால் சிகரட்டைப் பிறகு பார்ப்போம், முதலில் தேசிய வைத்தியசாலையின் மனநலக் கிளினிக்குக்குப் போங்கள். அது இலவசம். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926, இரவிலும் எடுக்கலாம். சிகரட்டை விடுவதற்கான ஆலோசனைக்கு, புகையிலை மற்றும் மதுசாரம் தொடர்பான தேசிய அதிகாரசபையின் இலக்கம் 1948.

இந்த வருடம் மாலை போடும் எண்ணம் இருந்தால் போடுங்கள், நல்லது. ஆனால் கார்த்திகை மாதம் வரை காத்திருக்க வேண்டாம். வாற திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்கு யார்டில் வேலை கூட இருக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் தொடங்கினால் மோசமான மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமையில் விழும். அன்றைக்கு வீட்டில் இருப்பீர்கள், ஏசுவதற்கு முதலாளியும் இருக்க மாட்டார்.